4.52 எப்படி 4.00 ஆனது

2024 நவராத்திரியில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். கையில் கொண்டைக்கடலைச் சுண்டல். பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் பெண் அதற்கு முந்தைய வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "பையன் யூசிக்குப் போடுறானா? ஜிபிஏ எவ்வளவு?" என்று கேட்டார். யூசி என்றால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அரசுப் பல்கலைக்கழகம். ஜிபிஏ என்பது கிரேடுகளைப் புள்ளிகளாக்கி எடுக்கும் சராசரி. "4.52-க்கா" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் சுண்டலை மென்றபடியே, "அது ஸ்கூல் ஜிபிஏ. யூசி ஜிபிஏ எவ்வளவு? கேப்டா, அன்கேப்டா?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. விண்ணப்பம் அனுப்ப இரண்டு மாதம்கூட இல்லை. 2,800 டாலர் கொடுத்து ஒரு ஆலோசகரை வேறு வைத்திருந்தோம். இவ்வளவுக்கும் பிறகு அந்தச் சொல்லை முதல்முறையாக ஒரு கொலுப்படிக்குப் பக்கத்தில்தான் கேட்டேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதில் 4.52 என்பது 4.00 ஆயிற்று. யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு எண்ணும் சரியான எண்தான். பள்ளி ஒரு விதமாகக் கூட்டுகிறது, பல்கலைக்கழகம் அதே மதிப்பெண்களை எடுத்து வேறு விதமாகக் கூட்டுகிறது. இது மூன்று வருடத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் பல விஷயம் வேறு மாதிரி நடந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளை எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தால் இது உங்களுக்குத்தான்.

முதலில் டெக்சாஸ் கதையைச் சொல்ல வேண்டும். மூத்தவன் ஒன்பதும் பத்தும் படித்தது டல்லாஸ் பக்கம் ஒரு புறநகரில். அங்கே எல்லாம் தரவரிசைதான். 1997-ல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அப்போது முதல் ஆறு சதவீதம். ஆகவே பெற்றோர் கூடினால் பேச்சு, "ரேங்க் எவ்வளவு" என்பதில்தான் ஆரம்பிக்கும். எங்கள் பள்ளிக்கூடக் கணக்கில் சாதாரணப் பாடத்துக்கு உச்சம் 5, கொஞ்சம் கடினமான ஹானர்ஸ் பாடத்துக்கு 5.5, கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பாடத்துக்கு 6. அதில் நூற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண் குறைந்தாலும் 0.1 போகும். 95 வாங்கியவனைவிட 99 வாங்கியவன் 0.4 மேலே. இந்தக் கணக்கு எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

பத்தாம் வகுப்பு இரண்டாம் செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஹானர்ஸ் வேதியியலில் 89-ல் நின்றான். ஸ்பானிஷில் 95. நான்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னேன்: "கெமிஸ்ட்ரியில தலைகீழா நின்னாலும் ஒரு மார்க்தான் ஏறும். ஸ்பானிஷ்ல அதே நேரத்தைப் போட்டா நாலு மார்க் ஏத்தலாம். ரேங்குக்கு அதுதான் லாபம்." பையன் கேட்டான். ஸ்பானிஷில் 99, வேதியியலில் 89. டெக்சாஸ் கணக்குக்கு அது புத்திசாலித்தனம். யூசி கணக்குக்கு நான் அவன் கையிலிருந்து ஒரு முழுப் புள்ளியைப் பிடுங்கி எறிந்தேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2023 கோடையில் கணவருக்கு வேலை மாறி கலிஃபோர்னியாவுக்கு வந்தோம். வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்தோம். இங்கே போட்டி அதிகம், பதினொன்றாம் வகுப்பிலேயே கால்குலஸ் எடுக்கட்டும் என்று, அதற்கு முந்தைய பாடமான ப்ரீகால்குலஸை ஒரு இணையவழிப் பள்ளியில் எட்டு வாரத்தில் முடிக்க வைத்தோம். 895 டாலர். வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் ஒரு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பான். முடித்து ஏ வாங்கினான். புதிய பள்ளியில் சேர்க்கப் போனால் கவுன்சிலர் அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இது ஏ-ஜி பட்டியலில் இல்லையே" என்றார். ஏ-ஜி என்பது யூசி ஏற்கும் பாடங்களின் பட்டியல். அந்த நிறுவனத்தின் முகப்பிலேயே 'அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் பள்ளியாக அங்கீகாரம் பெறுவது ஒன்று, அதன் பாடத்தை யூசி ஏற்றுப் பட்டியலில் வைத்திருப்பது வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் 895 டாலரும் ஒரு கோடையும் போயிற்று. பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். யூசியின் ஏ-ஜி பாடப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பள்ளியின் பெயரையோ இணையவழி நிறுவனத்தின் பெயரையோ போட்டால், எந்தெந்தப் பாடம் எந்த வருடத்துக்கு ஏற்கப்பட்டது என்று வந்துவிடும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்றால், உங்கள் பள்ளிக் கவுன்சிலர் எழுத்தில் சரி என்று சொல்லாமல் ஒரு காசு கட்டாதீர்கள்.

அதே சந்திப்பில் இரண்டாவது அடி. ஏ-ஜி என்பது ஏழு வகைப் பாடங்கள்: வரலாறு இரண்டு வருடம், ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, வேற்றுமொழி இரண்டு, கலை ஒன்று, விருப்பப்பாடம் ஒன்று. மொத்தம் பதினைந்து. இதில் பதினொன்றாவது பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எங்கள் பையனிடம் கலை இல்லை. டெக்சாஸில் கடைசி வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தோம். நான் உடனே, "மூன்றாம் வகுப்பிலிருந்து மிருதங்கம் கற்கிறான், எட்டு வருடம் ஆயிற்று, கச்சேரிக்கு வாசித்திருக்கிறான்" என்றேன். கவுன்சிலர் நல்ல மனிதர், நிதானமாகக் கேட்டார். அப்புறம், "ரொம்ப அழகு, விண்ணப்பத்தில் செயல்பாடுகள் பகுதியில் எழுதுங்கள், கலைப் பாடத்துக்கு அது கணக்கில் வராது" என்றார். பள்ளியில் எடுத்துக் கிரேடு வாங்கிய ஒரு வருடப் பாடம்தான் செல்லும். எட்டு வருடம் வாரா வாரம் அழைத்துப்போன எனக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நம் பிள்ளைகள் பரதமோ வயலினோ எவ்வளவு நன்றாகச் செய்தாலும், அரங்கேற்றத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும், அந்த ஒரு கட்டம் நிரம்பாது. நடன வகுப்புக்கு ஓட்டிக்கொண்டு போகும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இத்தனையும் நடந்த பிறகாவது நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. பள்ளிப் போர்ட்டலைத் திறந்தால் வெயிட்டட் ஜிபிஏ 4.52 என்று இருந்தது. இந்தப் பள்ளி டெக்சாஸ் ஹானர்ஸ் பாடங்களுக்கும் கூடுதல் எடை கொடுத்து, ஒன்பதாம் வகுப்பையும் உடற்கல்வியையும் சேர்த்துக் கூட்டியிருந்தது. எனக்கு அந்த எண் மட்டும் போதுமானதாக இருந்தது. 2024 வசந்தத்தில் ஆலோசகரைப் பிடித்தோம். அவரும் அதே எண்ணை வைத்துத்தான் 'எட்டாதது, பொருந்துவது, உறுதி' என்று மூன்று அடுக்காகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டை வாங்கி வைத்துக்கொண்டார். அதைப் பிரித்துக் கணக்குப் போட்டாரா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. ஆலோசகரிடம் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டை யூசி முறையில் இப்போதே கூட்டிக் காட்டுங்கள்." பத்து நிமிட வேலை. செய்யத் தெரியாதவருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

சரி, அந்தக் கணக்கு. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்கள் மட்டும். அதாவது பத்தும் பதினொன்றும். உடற்கல்வி, சுகாதாரம் எல்லாம் வெளியே. ஒவ்வொரு செமஸ்டர் கிரேடும் தனித்தனி. ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1. பிளஸ், மைனஸ் கிடையாது. ஏ மைனஸும் ஏதான், பி பிளஸும் வெறும் பிதான். எங்கள் பழைய பள்ளியில் 90-க்கு மேல் ஏ, 80 முதல் 89 வரை பி. அப்படியென்றால் 90-ம் 99-ம் ஒன்று. 89-ம் 80-ம் ஒன்று. 89-க்கும் 90-க்கும் நடுவில்தான் ஒரு முழுப் புள்ளி.

அதன் மேல் ஹானர்ஸ் புள்ளி. ஏபி, அதே மாதிரி இன்னொரு கல்லூரித்தரத் திட்டமான ஐபி, யூசி ஏற்ற ஹானர்ஸ் பாடங்கள், பள்ளியில் இருக்கும்போதே எடுக்கும் கல்லூரிப் பாடங்கள் இவற்றில் சியோ அதற்கு மேலோ வாங்கினால் செமஸ்டருக்கு ஒரு கூடுதல் புள்ளி. இதில்தான் அந்த அக்கா கேட்ட 'கேப்' வருகிறது. மொத்தம் எட்டு செமஸ்டருக்குத்தான் கூடுதல் புள்ளி, அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் கூடாது. இந்த உச்சவரம்போடு கூட்டினால் ஒரு எண், அதுதான் கேப்டு. வரம்பில்லாமல் கூட்டினால் ஒரு எண், அது அன்கேப்டு. கூடுதல் புள்ளியே இல்லாமல் கூட்டினால் இன்னொரு எண். ஆக ஒரே பிள்ளைக்கு மூன்று ஜிபிஏ.

கலிஃபோர்னியாவுக்கு வெளியே உள்ள பள்ளி என்றால் இன்னொரு விதி. அங்கே ஏபி, ஐபி, கல்லூரிப் பாடங்களுக்குத்தான் புள்ளி. பள்ளி தானே 'ஹானர்ஸ்' என்று பெயர் வைத்த பாடத்துக்குக் கிடையாது. கலிஃபோர்னியாப் பள்ளியிலேயே படித்தாலும் எல்லா ஹானர்ஸும் செல்லாது. பட்டியலில் அந்தப் பாடத்துக்கு யூசி ஹானர்ஸ் என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஹானர்ஸ் ஆங்கிலத்துக்குப் பள்ளி எடை கொடுத்து, யூசி கொடுக்காத பள்ளிகள் நிறைய உண்டு.

அன்று ராத்திரி சமையலறை மேசையில் எக்செல் திறந்து இரண்டு பள்ளி டிரான்ஸ்கிரிப்டையும் வைத்துக்கொண்டு நானும் பையனும் உட்கார்ந்தோம். பத்தில் ஆறு பாடம், பதினொன்றில் ஆறு பாடம். மொத்தம் 24 செமஸ்டர் கிரேடு. பதினாறு ஏ, எட்டு பி. கூட்டினால் 88. 24-ஆல் வகுத்தால் 3.67. ஹானர்ஸ் புள்ளி தகுதி உள்ள செமஸ்டர்கள் பதினான்கு. உச்சவரம்பால் அதில் எட்டுக்குத்தான் கூடுதல் புள்ளி. 96-ஐ 24-ஆல் வகுத்தால் 4.00. வரம்பில்லாமல் 102, அதாவது 4.25. டெக்சாஸில் எடுத்த ஹானர்ஸ் ஆங்கிலம், ஹானர்ஸ் அல்ஜீப்ரா, ஹானர்ஸ் வேதியியல் மூன்றுக்கும் பூஜ்யம். அவை செல்லுபடியாகியிருந்தால் கடைசி எண் 4.5 ஆகியிருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே ஏபி மனிதப் புவியியல் எடுத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்கும் பூஜ்யம். ஒன்பதாம் வகுப்பு கிரேடு இந்தக் கணக்கிலேயே வராது.

அப்புறம் அந்த எட்டு பியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினொன்றில் மூன்று, பத்தில் ஐந்து. பத்தாம் வகுப்பு ஐந்தில் மூன்று, 89. அல்ஜீப்ரா 89, உலக வரலாறு 89, வேதியியல் 89. மூன்று மதிப்பெண் கூட வாங்கியிருந்தால் கேப்டு 4.125. நான் சத்தம் போட்டேன். "ஒரு மார்க்கு, ஒரே ஒரு மார்க்குடா, அதை வாங்க முடியலையா உனக்கு?" அவன் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்: "கெமிஸ்ட்ரிய விட்டுட்டு ஸ்பானிஷ் படின்னு நீதானம்மா சொன்ன." எனக்குப் பதில் இல்லை. எழுந்து போய், சுத்தமாக இருந்த அடுப்பை மறுபடி துடைத்தேன். கணவர் ஒன்றும் பேசாமல் மடிக்கணினியை மூடி வைத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சுக் குறைவு.

இதில் எனக்கு உறைத்த இன்னொரு விஷயம் உண்டு. மறுகணக்கு நமக்குப் புதிதா என்ன? நான் 1998-ல் பிளஸ் டூ முடித்தேன். பொறியியலுக்குக் கட்-ஆஃப் என்றால் கணிதம் 200-ஐ 100 ஆக்கி, இயற்பியல் 200-ஐ 50 ஆக்கி, வேதியியல் 200-ஐ 50 ஆக்கி, நுழைவுத்தேர்வு 100 சேர்த்து 300-க்கு. தமிழில் பள்ளி முதல் மதிப்பெண் வாங்கினாலும் அதில் ஒரு புள்ளி ஏறாது. இப்போது நுழைவுத்தேர்வு போய் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். மொத்த மதிப்பெண் வேறு, கட்-ஆஃப் வேறு என்பது எங்கள் தெருவில் பால்காரருக்குக்கூடத் தெரியும். அந்தப் புத்தியோடு வளர்ந்த நான், அமெரிக்கா வந்ததும் போர்ட்டலில் தெரியும் எண்ணை அப்படியே நம்பினேன்.

நிதானம் வந்த பிறகு எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சில விஷயம் புரிந்தது. கேப்டு ஜிபிஏவுக்கு எட்டு செமஸ்டர், அதாவது நான்கு வருடப்பாடம் போதும். எங்கள் பையனிடம் ஏழு இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் மட்டும் ஏபியும் ஹானர்ஸும் சேர்த்து ஐந்து. அந்தப் பாரத்தில்தான் ஏபி ஆங்கிலத்தில் இரண்டு செமஸ்டரும் பி, ஏபி இயற்பியலில் முதல் செமஸ்டர் பி. ஒன்றைக் குறைத்துக்கொண்டு மற்றதில் ஏ வாங்கியிருந்தால் எண் ஏறியிருக்கும். அதற்காக ஏபியே வேண்டாம் என்று சொல்லவில்லை. யூசி ஜிபிஏவை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு கடினமான பாடங்கள் எடுத்தான், அந்தப் பள்ளியில் என்னென்ன கிடைத்தது என்பது உட்படப் பதிமூன்று அம்சங்களைப் பார்க்கிறது. ஆனால் 'எத்தனை ஏபி' என்ற எண்ணிக்கைப் போட்டியில் பிள்ளையைத் தள்ளி, அதனால் வரும் பிகளுக்கு நாமே காரணமாக வேண்டாம். இன்னொரு வேடிக்கை: கூடுதல் புள்ளி இல்லாத ஒரு பாடத்தை அதிகமாக எடுத்து அதில் ஏ வாங்கினாலும் கேப்டு எண் 4-க்கு மேல் இருந்தால் அது குறையும். பத்துப் பாடத்திலும் ஏ வாங்கியவனுக்கு உச்சம் 88-ஐ 20-ஆல் வகுத்து 4.4. பன்னிரண்டு பாடத்திலும் ஏ வாங்கியவனுக்கு 104-ஐ 24-ஆல் வகுத்து 4.33. இரண்டு பிள்ளையும் ஒரு பி கூட வாங்காதவர்கள்! ஆகவே பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிடுவது வீண் வேலை. வளாகங்கள் வெளியிடும் எண்ணோடு ஒப்பிடும்போதும் அது கேப்டா, வரம்பில்லாததா என்று முதலில் பாருங்கள்.

வேதியியலில் 89 வாங்கியதை மறுபடி எடுத்து ஏ ஆக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது. டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தைத்தான் மறுபடி எடுத்து மாற்றலாம். சியோ மேலேயோ வாங்கியதைத் திரும்ப எடுத்தால் இரண்டாவது கிரேடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எஸ்ஏடி நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிச் சமாளிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. யூசி எஸ்ஏடியைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை, பெரிய மதிப்பெண் இருந்தாலும். அந்தப் பயிற்சிக்கு நாங்கள் கொடுத்த 1,200 டாலர் வேறு சில விண்ணப்பங்களுக்குப் பயன்பட்டது, இதற்கு இல்லை.

ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, "நல்ல கவனிப்பு, அதையும் கருத்தில் கொள்வோம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நாங்களே பட்டியலை மாற்றினோம். யூசியில் இளநிலைப் படிப்புக்கு ஒன்பது வளாகங்கள்: பெர்க்லி, டேவிஸ், அர்வைன், லாஸ் ஏஞ்சலஸ், மெர்செட், ரிவர்சைட், சான் டியாகோ, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ். ஒரே விண்ணப்பம், ஆனால் வளாகத்துக்கு 80 டாலர். ஆறு போட்டோம், 480. யூசி இல்லாமல் கலிஃபோர்னியா ஸ்டேட் என்று இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம் உண்டு, அதன் வளாகங்கள் மூன்று, தலா 70, அது 210. ஸ்டேட் வளாகங்களின் கணக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், பத்தும் பதினொன்றும், எட்டு செமஸ்டர் வரம்பு.

விண்ணப்பத்தில் கிரேடுகளை நாமே பதிய வேண்டும். அப்போது டிரான்ஸ்கிரிப்ட் அனுப்புவதில்லை. இது வசதி மாதிரித் தெரியும், ஆனால் இதில்தான் ஆபத்து. இடம் கிடைத்த பிறகு இறுதி டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுவார்கள், பொருந்தாவிட்டால் இடத்தையே ரத்து செய்யலாம். நாங்கள் இரண்டு டிரான்ஸ்கிரிப்டையும் அச்செடுத்து, அவன் தட்டத் தட்ட நான் மரஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தேன். டெக்சாஸ் பாடங்களின் பெயரை அங்கே உள்ளபடியே போட்டோம், அழகுபடுத்தவில்லை. நினைவிலிருந்து ஒரு கிரேடைக்கூடப் பதியாதீர்கள். அல்ஜீப்ராவில் முதல் செமஸ்டர் பி, இரண்டாவது ஏ என்று அவன் அடித்துச் சொன்னான். தாளில் அது நேர்மாறாக இருந்தது. 2024-ல் டிசம்பர் 2 வரை நேரம் இருந்தது. நாங்கள் நவம்பர் 24-ஆம் தேதி அனுப்பிவிட்டோம்.

மார்ச்சில் முடிவுகள் வந்தன. பட்டியலின் மேலே இருந்த மூன்றும் இல்லை என்றன. ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். இரண்டில் இடம். ரிவர்சைடில் சேர்ந்தான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான். 4.125 இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். எனக்கு வலித்தது இடம் கிடைக்காதது அல்ல. என்ன ஆட்டம் ஆடுகிறோம் என்று தெரியாமல் ஒரு பிள்ளையை மூன்று வருடம் ஓட விட்டதுதான். பணக் கணக்கு பார்த்தால் இணைய வகுப்பு 895, ஆலோசகர் 2,800, எஸ்ஏடி 1,200. மொத்தம் 4,895 டாலர். இதில் எதுவுமே ஒரு எக்செல் தாள் சொன்னதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆறுதல், அந்த வீணான கோடை ப்ரீகால்குலஸ். பள்ளியில் அதையே மறுபடி ஹானர்ஸாக எடுத்தபோது இரண்டு செமஸ்டரும் ஏ வந்ததற்கு அதுதான் காரணம்.

கலைக் கட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் மண்பாண்ட வகுப்பில் நிரப்பினான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் ஆறடிப் பையன் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன், பிற்பாடு மதிய இடைவேளையிலும் அங்கேயே கிடந்தான். ஏ வாங்கினான். பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் அந்த ஏ எந்த ஜிபிஏவிலும் சேரவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. கிடைக்கும் இடம் நிபந்தனையோடுதான் கிடைக்கும், கடைசி வருடத்தில் டியோ எஃபோ வந்தால் அந்த நிபந்தனை உடையும்.

சின்னவள் இப்போது எட்டாவது. ஏழு, எட்டில் எடுத்த கணிதமும் வேற்றுமொழியும் சியோ மேலேயோ இருந்தால் ஏ-ஜி தேவைக்குச் செல்லும், ஜிபிஏவில் மட்டும் சேராது. அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே கலைப் பாடம் எழுதிக் கொடுத்துவிட்டோம், பரதம் தனியாகப் போகட்டும். செமஸ்டர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது எந்தப் பாடம் 87-லிருந்து 91-க்குள் நிற்கிறது என்று மட்டும் பார்ப்பது எனத் தீர்மானம். 96-ஐ 99 ஆக்கச் சொல்லி இந்த வீட்டில் இனி யாரும் கேட்க மாட்டார்கள். வேறு மாநிலத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் அங்கே விதி வேறு. ஜார்ஜியா பல்கலைக்கழகம் போன்றவை முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்துத் தங்கள் முறையில் திரும்பக் கூட்டுகின்றன. பள்ளி தந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. எந்த வகுப்புகள், எந்தப் பாடங்கள், எதற்கு எடை, பிளஸ் மைனஸ் உண்டா என்ற நான்கையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக ஒன்று, பள்ளி மாறியவர்களுக்கு. இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் யூசிக்குப் போய்ச் சேர வேண்டும். படித்த எல்லாப் பள்ளியிலிருந்தும். கலிஃபோர்னியாப் பள்ளி தானாகவே அனுப்பிவிட்டது. டெக்சாஸ் பள்ளியை ஜூன் நடுவில் கூப்பிட்டால் கோடை விடுமுறை, அலுவலகத்தில் ஆளில்லை, குரலஞ்சல்தான். தினமும் கூப்பிட்டேன். ஜூன் 27, வெள்ளிக்கிழமை ஒரு அம்மா எடுத்தார். மாணவர் எண் கேட்டார், எனக்கு இன்னும் மனப்பாடமாக இருந்தது. மே மாதத்திலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும், நீங்களாவது கேளுங்கள். ஜூன் 30 மாலை போர்ட்டலில் 'பெறப்பட்டது' என்று வந்தது. அன்றைக்குத்தான் அந்த எக்செல் கோப்பை மூடினேன்.